தட்டில் தொடங்கிய சிக்கனம்

விமானத்தில் கொடுக்கும் பலகாரத்தைப் பற்றித் தோல் ஷாப்புத் தொழிலாளிக்கும் கழனியில் கூலிக்கு நிற்பவருக்கும் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். பேச்சு உண்டு.

2017 ஜூலையில், அன்று சர்க்காருக்குச் சொந்தமாயிருந்த ஏர் இந்தியா, உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் இறைச்சி உணவை நிறுத்திற்று. காரணம் சிக்கனமாம்! உயர் வகுப்புக்கு மட்டும் அது தொடர்ந்தது. மலிவு டிக்கெட்காரர் தட்டில்தான் சிக்கனம் கை வைத்தது.

அதோடு நின்றதா? 1953-ல் தேசவுடைமையான அந்த ஸ்தாபனம் 2022 ஜனவரி 27-ல் டாட்டா கைக்குப் போயிற்று. 2024 மே மாதம், அதன் துணைக் கம்பெனியான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில், தட்டு ஏந்திப் பரிமாறும் ஊழியர்கள் குறைகள் தீராததால் ஒருசேர நோய் விடுப்பு எடுத்தனர். விமானங்கள் ரத்தாயின. 25 பேருக்கு வேலை நீக்க உத்தரவு பறந்தது! மற்றவர்கள் கலையவில்லை. மே 9 அன்று டில்லியில் தொழிலாளர் கமிஷனர் முன் பேச்சு நடந்தது. 25 பேரையும் திரும்ப எடுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

அவர்கள் சங்கத்தின் கொடி வேறு. படிப்பினை நமக்கும் உரியது. ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண்களும், ராணிப்பேட்டையில் தோல் பதனிடுவோரும் 'சிக்கனம்' என்ற சொல்லைக் கேளாதவர்களல்ல. இனி அதைக் கேட்டால், யார் தட்டில் சிக்கனம் என்று திருப்பிக் கேளுங்கள். கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் வேலை நீக்கம். சேர்ந்து கேட்டால் ஒப்பந்தம்!