பத்திரனவை விட்டது பிழையா?

கொஞ்சம் நீளமான பதிவு. கிரிக்கெட் பிடிக்காதவர்கள் கடந்து போகலாம், கோபிக்க மாட்டேன்.

வெள்ளத்துக்குப் பிறகு பாடசாலை திறந்த கிழமை இது. யார் வீட்டுக்குள் தண்ணி வந்தது, யாருடைய புத்தகம் போனது என்று வகுப்பில் விசாரித்துக்கொண்டு போனேன். தரம் பத்தில் ஒரு பொடியன். பின்னேரத்தில் ஒழுங்கைக்குள் டென்னிஸ் பந்தில் பத்திரன மாதிரியே கையைப் பக்கவாட்டில் சுழற்றிப் போடுவான். அவன் எழும்பி, "சேர், பத்திரனவயும் விட்டுட்டாங்க. இனி எதுக்கு சேர் நாங்க மஞ்ச போடுறது?" என்றான். முழு வகுப்பும் சிரித்தது, அவன் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் பிளேன்டீ கடையிலும் இதே கதைதான். கடை நானா சொன்னார், "நம்ம ஆளுங்கள கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போடுறானுகள்." எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் சென்னை செய்தது முழுக்க சரி என்றும் தோன்றவில்லை. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் நடந்தது என்ன. போன வருடம் 13 கோடி இந்திய ரூபாவுக்குத் தக்கவைத்த மதீஷ பத்திரனவை சென்னை நவம்பரில் விடுவித்தது. அதே நாட்களில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் அடித்துக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்த அதே ஜடேஜா. பிறகு டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை அபுதாபி ஏலத்தில் கொல்கத்தா 18 கோடி கொடுத்து பத்திரனவை எடுத்தது. நம்ம காசில் 600 மில்லியனுக்கு மேல். ஐபிஎல்லில் இலங்கை வீரர் ஒருவருக்கு இவ்வளவு விலை முந்தி போனதில்லை. ஆகவே தம்பிக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று அழுகிறவர்கள் முதலில் கண்ணைத் துடையுங்கள். அவருக்கு ஐந்து கோடி லாபம்.

சென்னைக்குத்தான் கேள்வி.

அவரை விட்டதில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். 2023ல் 12 போட்டியில் 19 விக்கெட். 2024ல் ஆறே போட்டியில் 13 விக்கெட், வான்கடேயில் மும்பைக்கு எதிராக நான்கு. அந்த வருடமே தொடைத் தசை இழுத்துக்கொண்டு பாதியில் வீட்டுக்கு வந்தார். 2025ல் 12 போட்டியில் 13 விக்கெட், ஆனால் ஓவருக்குப் பத்துக்கு மேல் ஓட்டம். சென்னை முதல் தடவையாகக் கடைசி இடம். மொத்தச் செலவுக்கு ஒரு அணிக்கு 125 கோடிதான் எல்லை. அதில் பத்தில் ஒரு பங்கை, உடம்பை முறுக்கிப் பந்து போடும் ஒருவர் மேல் வைத்திருக்கலாமா? 23 வயதுதான், உண்மை. ஆனால் அப்படிப் போடுகிறவர்களின் வயதை பிறப்புச் சான்றிதழை மட்டும் வைத்து எண்ண முடியாது.

"அப்ப மாலிங்க?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மும்பை அவரைப் பத்து வருடம் வைத்திருந்தது, 170 விக்கெட் எடுத்தார். ஆனால் 2018 ஏலத்தில் அவரை மும்பை உட்பட யாருமே வாங்கவில்லை. அந்த வருடம் பயிற்றுவிப்புக் குழுவில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம் மும்பையே 2 கோடிக்குத் திரும்ப எடுத்தது. அந்த 2 கோடிதான் 2019 இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தில் ஷர்துல் தாகூரின் காலில் பட்டு, சென்னையை ஒரு ஓட்டத்தால் தோற்கடித்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அதாவது மும்பை கூட மாலிங்கவை எந்த விலைக்கும் கட்டிப் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை.

சென்னையும் இதை முந்தி சரியாகச் செய்த அணிதான். முரளி 2008 முதல் 2010 வரை மஞ்சளில் விளையாடினார். உலகத்தின் முதல் பந்துவீச்சாளர், தமிழ் பேசுகிறவர், அதோடு சென்னை மருமகன். அவரை விட யாருக்கு மனம் வரும்? 2011ல் அவர் கொச்சிக்குப் போனார், சென்னை அஷ்வினைப் பிடித்துக்கொண்டது. வெள்ளவத்தையில் அன்றைக்கும் இதே கோபம் இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. அந்த வருடம் அஷ்வின் 20 விக்கெட் எடுத்தார், இறுதிப் போட்டியில் முதல் ஓவரிலேயே கெய்லை வெளியே அனுப்பினார், கிண்ணம் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அஷ்வின் அப்போது தெரியாத பொடியன் இல்லை. 2009லிருந்து அதே அணியில் இருந்தவர். முந்திய வருடம் தென்னாபிரிக்காவில் நடந்த சாம்பியன்ஸ் லீக்கில் தொடர் நாயகன். கையில் இருக்கிறதைப் பார்த்துவிட்டுத்தான் பெரியவரை அனுப்பினார்கள்.

இப்போது? பத்திரன, ஜடேஜா எல்லோரையும் அனுப்பி மிச்சம் பிடித்த காசில் ஏலத்தில் இரண்டு இளைஞர்களை எடுத்தார்கள். உத்தரப் பிரதேசத்து பிரஷாந்த் வீர், வயது 20. ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, வயது 19. இந்திய அணிக்கு ஒரு போட்டியும் ஆடாதவர்கள், ஐபிஎல்லிலும் ஒரு பந்து பார்க்காதவர்கள். அடிப்படை விலை ஆளுக்கு 30 லட்சம். கொடுத்தது ஆளுக்கு 14.2 கோடி. இரண்டு பேருக்கும் சேர்த்து 28.4 கோடி! நாட்டுக்காக விளையாடாத ஒருவருக்கு இதுவரை யாரும் இவ்வளவு கொடுத்ததில்லை.

என் சண்டை இந்த இடத்தில்தான்.

நட்சத்திரத்தைக் கொடுத்து எதிர்காலத்தை வாங்குகிற வியாபாரத்தை அமெரிக்காக்காரன் நம்மை விட முந்தியே பழகிவிட்டான். அங்கே அவர்களுடைய ஃபுட்போலில் ஏலம் கிடையாது. புதிதாக வரும் இளைஞர்களை அணிகள் வரிசை வைத்துத் தெரிவு செய்யும். அந்தத் தெரிவு உரிமையையே பணம் மாதிரி கை மாற்றலாம். 1989 ஒக்டோபரில் டலஸ் அணி, ஹெர்ஷல் வோக்கர் என்ற தன் ஒரே நட்சத்திரத்தை மினசோட்டாவுக்குக் கொடுத்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். நம்ம வேகப்பந்து வீச்சாளர் மாதிரி, அந்த இடத்தில் ஆடுகிறவனுக்கு உடம்பு சீக்கிரம் தேயும். அந்த வருடம் டலஸ் 16 போட்டியில் ஒன்றில்தான் வென்றது, ஊரே சிரித்திருக்கும். ஆனால் வோக்கருக்குப் பதிலாக அவர்கள் ஒரு ஆளைக் கேட்கவில்லை. ஐந்து வீரர்களும், அடுத்த சில வருடங்களுக்கான தெரிவு உரிமைகள் ஒரு குவியலும் கேட்டார்கள். அதில் சிலது வீணாகப் போனாலும் பரவாயில்லை என்ற கணக்கு. அப்படி வந்த உரிமை ஒன்றை வைத்துத்தான் எமிட் ஸ்மித் என்பவரை எடுத்தார்கள். 1993, 1994, 1996 ஜனவரிகளில் கிண்ணம் டலஸுக்கு. வோக்கர் மினசோட்டாவில் மூன்று வருடம் கூட நிற்கவில்லை.

நிச்சயமான ஒன்றை விற்றால் நிச்சயமில்லாத பலதை வாங்க வேண்டும். சென்னை விற்றது சரி, வாங்கினது இரண்டு டிக்கெட். மற்றவர்களையும் எடுத்தார்கள்தான், ராகுல் சாஹரை 5.2 கோடிக்கு, மெட் ஹென்றியை 2 கோடிக்கு. ஆனால் பெரிய காசு போனது இரண்டு பொடியன்களின் தலையில். கடைசி நான்கு ஓவர் யார் போடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பொடியன்களைக் குறை சொல்லவில்லை. நாளைக்கே இருவரும் பெரிய ஆளாகலாம், ஆகட்டும். ஆனால் 19 வயதில் ஒருவன் என்னவாக வருவான் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். கலாசாலையை விட்டு வந்த புதிதில், என் முதல் ஓ.எல். வகுப்பில் கட்டாயம் ஒன்பது ஏ எடுப்பார்கள் என்று ஐந்து பேரின் பெயரை டயறியில் எழுதி வைத்தேன். எடுத்தது இரண்டு பேர். நான் எழுதாத பிள்ளை ஒன்றும் எடுத்தது, கடைசி வாங்கில் இருந்து தூங்குகிற பிள்ளை. வருடம் முழுக்க பக்கத்தில் நின்று பார்த்த எனக்கே அந்த அளவுதான் தெரிந்தது. அந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்கு மட்டும்தான் கவனம் கொடுப்பேன் என்று நான் இருந்திருந்தால்?

இதில் கூடுதல் வேடிக்கை, பத்திரனவே அப்படி வந்த ஒரு சின்ன டிக்கெட்தான். கண்டி டிரினிட்டி கல்லூரிப் பொடியன். 2022ல் அடம் மில்ன் காயப்பட்ட இடத்துக்கு 20 லட்சத்துக்கு எடுத்தார்கள். போட்ட முதல் பந்திலேயே சுப்மன் கில் அவுட். இருபது லட்சத்துக்கு இப்படி ஒருவனைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த அணிக்கு, 14 கோடிக்கு ஆள் தேட வேண்டிய அவசியம் எப்படி வந்தது? அந்தக் கண் எங்கே போனது? கண்டியில், கொழும்பில், யாழ்ப்பாணத்தில் இன்னும் எத்தனையோ பொடியன்கள் பந்து போடுகிறார்கள்.

வகுப்பில் அவனுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது. "மஞ்சளும் போடலாம், ஊதாவும் போடலாம், ஆனா பெக்கை நேராக்காம அந்தப் பந்தை மட்டும் போடாத, முதுகு போயிடும்" என்றேன். எங்கள் உடற்கல்வி ஆசிரியரிடமும் அவனைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கிழமையாக அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். வீட்டில் சொல்லவில்லையாம். அவனுடைய வாப்பா இந்தப் பதிவைப் பார்த்தால் இரவைக்கு ஒரு கோல் எடுங்கள்.

மற்றவர்கள் கீழே வந்து சண்டை பிடிக்கலாம். தோனியை மட்டும் இழுக்காதீர்கள், அது விடியும் வரைக்கும் முடியாது.