உள்ளே இருக்கிறது தரம்

மேலநீலிதநல்லூரில் ஒரு மெக்கானிக், கார்களிலிருந்து கழற்றிய இரண்டு ஆயில் ஃபில்டர்களை அறுத்துக் காட்டினார். வெளியே ஒரே நிறம், ஒரே அச்சு. ஒன்றில் காகித மடிப்புகள் நெருக்கமாக, நேராக நின்றன. மற்றதில் மடிப்புகளும் குறைவு, ஓரத்தில் பசையும் விட்டிருந்தது. அந்த இடுக்கு வழியே ஆயில் வடிகட்டப்படாமலே ஓடியிருக்கும். எஞ்சின் நின்றதும் ஆயில் திரும்ப இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வும் கட்டை தட்டிப்போயிருந்தது. அது வேலை செய்யாவிட்டால், ஒவ்வொரு காலையும் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள் எஞ்சின் ஆயிலின்றித் தேயும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிற பொருள்தானே என்று இதில் மிச்சம் பிடிக்கிறோம். கடன் வாங்கி வாடகைக் கார் ஓட்டுபவருக்கு எஞ்சின் போனால் பிழைப்பே போச்சு. விலையை மட்டும் பார்க்காதீர்கள். நம்பகமான கடையில், பில் போட்டு வாங்குங்கள்.