வயிற்றுப் புண்ணும் மிளகாய் சுமந்த பழியும்

வயிறு எரிகின்றது என்று ஒருவர் சொன்னவுடன் மிளகாயின் மீதும் மனக்கவலையின் மீதும் பழி போடுவது நம்மவர் வழக்கம். நாமும் அதற்கு விலக்கல்லோம். உடன் கற்பிக்கும் நண்பரொருவர் அவ்வாறு முறையிட்டபோது, “உறைப்பைக் குறையுங்கள், மாஸ்டர்” என்று உபதேசித்தோம். அவரும் பாற்சொதியோடு நாட்கழித்தார். முழங்கால் வலிக்கென நாடோறும் அவர் விழுங்கிவந்த மாத்திரைகளைப் பற்றி நாம் கேட்கவேயில்லை. ஒருநாள் மலம் தார்போற் கறுத்தது. வெட்கத்தால் எவரிடமும் உரையாதிருந்தார். வகுப்பில் மயங்கி வீழ்ந்த பின்னரே, புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தமை தெரியவந்தது.

எமது உபதேசம் பிழையென்பதை மருத்துவ உலகம் அறிந்து நெடுங்காலமாயிற்று. இரைப்பையின் அமிலத்தில் கிருமி வாழாது என்றே முன்னர் பலரும் நம்பினர். 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல், றொபின் வாரன் என்னும் வைத்தியர் இருவர், அங்கு வாழும் சுருள்வடிவக் கிருமியொன்றை வளர்த்துக் காட்டினர். நம்பாதார் பலர். 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே அருந்தி, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலான புண்களுக்கு இக்கிருமியோ, அஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகளோ காரணம். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் படலம் இவற்றால் நலிய, சமிபாட்டுக்கான அமிலம் சுவரையே அரிக்கின்றது. உறைப்பு எரிவை மிகுவிக்கலாம், புண்ணை உண்டாக்குவதில்லை. கிருமியே காரணமாயின், இரு வார மருந்தில் பெரும்பாலும் அகன்றுவிடும்.

பசிவேளையிலும் நள்ளிரவிலும் மேல்வயிற்றில் எரிவு தொடருமாயின் வைத்தியரிடம் காட்டுக. கரிய மலமோ, கோப்பித்தூள் போன்ற வாந்தியோ கண்டால் விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்க, வெட்கம் வேண்டாம்.

நண்பர் தேறிவிட்டார். முழங்காலுக்கு வேறு மருந்து. சோற்றுக்கு மீண்டும் உறைப்புக் குழம்பு. எம்மைக் காணும்போது மட்டும் ஒரு புன்சிரிப்பு.