சம்பூரிலிருந்து மாலைதீவுக்கு: சம்பளமற்ற விடுமுறையில் போன ஆசிரியர்கள்

வெளிநாட்டுக்கு ஆசிரியராகப் போவது எங்கள் சமூகத்துக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குப் போனார்கள். எழுபது, எண்பதுகளில் நைஜீரியா, சாம்பியா என்று ஆபிரிக்கப் பாடசாலைகளுக்கும் போனார்கள். மாசிக்கருவாட்டால் மட்டும் எங்கள் அம்மாக்களுக்குத் தெரிந்திருந்த மாலைதீவிலும் இலங்கை ஆசிரியர்கள் பல தசாப்தங்களாகக் கற்பிக்கிறார்கள். 2022க்குப் பிறகு நடப்பது கொஞ்சம் வேறு. அரச நியமனத்தில் இருக்கும் இளம் ஆசிரியர்கள் அந்த நியமனத்தை விடாமலே, சில வீடுகளில் கணவனும் மனைவியுமாக, புறப்படுகிறார்கள்.

வழி திறந்தது 2022 ஜூனில் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை. அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம், சேவைமூப்பு பாதிக்கப்படாது, பதிலுக்கு வெளிநாட்டுப் பணம் அனுப்ப வேண்டும். டொலர் தட்டுப்பாட்டில் நாடு திணறிய நேரம் அது. கொழும்பில் கணக்குப் பார்த்தவர்களுக்கு இரட்டை லாபம்: சம்பளச் செலவு குறையும், டொலரும் வரும். மூதூர் கல்வி வலயத்தின் வகுப்பறைகள் அந்தக் கணக்கில் வரவில்லை.

சம்பூரைச் சேர்ந்த ஒரு தம்பதியுடன் சில மாதங்களாகப் பேசி வருகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். அவர் கணிதம், மனைவி விஞ்ஞானம். 2006 ஏப்ரலில் சம்பூர் மீது குண்டு விழுந்தபோது இருவருக்கும் பதினான்கு வயது. பிறகு மட்டக்களப்பு, அதன்பின் கிளிவெட்டி முகாம். தகரக் கொட்டிலில் இருந்து சாதாரண தரமும் உயர்தரமும் எழுதிப் பல்கலைக்கழகம் போனவர்கள். நியமனம் கிடைத்து ஊர்ப்பக்கம் வந்த முதல் பட்டதாரித் தலைமுறை இவர்களுடையது என்று சொல்லலாம்.

2023இல் புறப்பட்டார்கள். ஒப்பந்தம் தம்பதிக்கு அல்ல, ஆளுக்கு ஆள். முதல் வருடம் இருவருக்கும் வெவ்வேறு பவளத்தீவுக் கூட்டங்களில் இடம் கிடைத்தது. சம்பூரிலிருந்து திருகோணமலை போவது மாதிரி நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது. ஸ்பீட் போட் கட்டணமே ஒரு கிழமைச் செலவைத் தின்றுவிடும். அங்கே பாடங்கள் ஆங்கிலத்தில். தமிழ்மொழிமூலம் படிப்பித்துப் பழகிய இருவரும் அடுத்த நாள் பாடத்தை முதல்நாள் இரவு தொலைபேசியில் ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் நடத்திப் பார்த்தார்களாம். அவர்களுக்குள் அதிகம் பேசிய காலமும் அதுதான் என்று மனைவி சிரித்தார். இப்போது ஒரே தீவில், ஒரு அறை, ஒரு அடுப்பு. வெள்ளியும் சனியும் விடுமுறை. அரை மணித்தியாலத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய ஊர். மரக்கறி கப்பலில் வரும் நாளைப் பார்த்துத்தான் சமையல். சுவாமிப் படம் கொண்டுபோகவோ பொதுவில் வழிபடவோ அந்நாட்டுச் சட்டம் இடம் தராது; பத்திரகாளி அம்மன் திருவிழாவை வட்ஸ்அப்பில் பார்க்கிறார்கள். ஐந்து வயது மகள் அம்மம்மாவுடன் சம்பூரில்.

சம்பளம் றுபியாவில். அங்கேயும் டொலருக்குத் தட்டுப்பாடு. வங்கி தருவது மட்டுப்பாடு, வெளியில் வாங்கினால் விலை அதிகம். டொலருக்காகப் போக விடப்பட்டவர்கள் அங்கேயும் டொலர் தேடுகிறார்கள்.

ஊரில் சிலர் இவர்களைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 818 ஏக்கர் காணியை முதலீட்டு வலயத்திலிருந்து மீட்க வருடக்கணக்கில் போனது. மகா வித்தியாலயம் கடற்படை முகாமுக்குள் இருந்தது. 2016 மார்ச்சில்தான் அந்தக் காணியும் கைக்கு வந்தது. திரும்பியவர்களுக்குக் கிடைத்தது பற்றைக்காடு. வீட்டைக் கட்ட வாங்கிய கடன், 2022இல் ரூபாய் விழுந்த பிறகு, இரண்டு ஆசிரியர் சம்பளத்தால் அடங்கவில்லை. அடைவில் இருந்த தாலிக்கொடியை மீட்டது மாலைதீவுக் காசு.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. சம்பளமற்ற விடுமுறையில் போனவரின் பதவி அவர் பெயரிலேயே இருக்கிறது. பட்டியலில் இடம் நிரம்பியிருக்கும், வகுப்பில் ஆள் இருக்காது. கொழும்பில் ஒரு பெரிய பாடசாலை இதைத் தாங்கும். அங்கே இன்னொரு கணித ஆசிரியர் இருப்பார், இல்லாவிட்டால் டியூட்டரி இருக்கும். மூதூர்ப் பக்கத்தில் ஒருவர் போனால் ஒரு பாடமே போய்விடுகிறது. விடுமுறையை அனுமதித்த அதே கையெழுத்து, அந்த இடத்துக்குத் தற்காலிகப் பட்டதாரி ஒருவரையும் அனுமதித்திருக்கலாம். மிச்சப்படும் சம்பளமே அதற்குப் போதும்.

நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் சம்பூரின் 120 மெகாவாட் சூரிய மின்நிலையப் பணியைத் தொடக்கிவைத்தார். அங்கே காவலாளியாக அல்லாமல் பொறியியலாளராகவோ தொழில்நுட்ப உத்தியோகத்தராகவோ சம்பூர்ப் பிள்ளை போக வேண்டுமானால், உயர்தரக் கணிதத்துக்கு ஊரில் ஆள் வேண்டும். அந்த ஆள் இப்போது ஒரு மாலைதீவுத் தீவில் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருக்கிறார்.

இவர்களது ஐந்து வருடம் 2028இல் முடிகிறது. திரும்பி வர வேண்டும் என்றுதான் இருவரும் சொல்கிறார்கள். மகள் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருப்பாள். ஆனால் திரும்பி வந்தால் சம்பூரிலேயே கற்பிக்கலாம் என்று அவர்களிடம் இருக்கும் விடுமுறைக் கடிதத்தில் எழுதப்படவில்லை.