பொன் தேடிய பந்தலூர்

நீலகிரி என்றதும் உதகமண்டலத்தோடு நிறுத்திக்கொள்வது நம்மவர் வழக்கம். கூடலூருக்கு மேற்கே, ஒரே நாளிற் சென்று திரும்பக்கூடிய தூரத்தில் தேவாலா, பந்தலூர் என்னும் இரு சிற்றூர்கள் உள்ளன. ஒரு காலத்தில் இலண்டன் முதலாளிமாரை மயக்கிய பொற்சுரங்க ஊர்கள் இவை என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். அண்மையில் தமிழகம் சென்றிருந்தபோது, காலையிற் கூடலூரில் பஸ் ஏறி அவற்றைக் காணப் புறப்பட்டோம்.

நாடுகாணியைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தமிழகத்தில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் தேவாலாவும் ஒன்று. நாவலப்பிட்டிக்காரரை அந்த மழை என்ன செய்துவிடும்? குடையை விரித்துக்கொண்டு நடந்தோம்.

இம்மலைகளிற் பொன் உண்டென்பது வெள்ளையர் கண்டுபிடித்த செய்தியன்று. பணியரும் குறும்பரும் ஓடை மணலை மரத்தட்டில் இட்டு, நீரிற் சுழற்றி அலசுவர். மண் நீரோடு வழிந்துபோக, கனத்த பொன்துகள் அடியில் தங்கும். ஆனால், பணியர் அக்காலத்தில் நிலவுடைமையாளரின் அடிமைகள். ஆதலின் அலசிய பொன் அலசிய கையில் நின்றதில்லை.

பின்னர், கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட அந்நோய் வயநாட்டையும் விட்டுவைக்கவில்லை. இங்குள்ள துரைமார் மெல்ல மெல்லத் தேயிலைக்கு மாறினர். அங்குள்ள துரைமாருக்கோ பொன் கைகொடுத்தது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிற் சுரங்கத்துறைச் செயலாளராயிருந்த புரஃப் ஸ்மித் என்பவரை இந்திய அரசாங்கம் அழைத்து ஆராயச் செய்தது. 1880இல் அவர் தந்த அறிக்கை நம்பிக்கையூட்டிற்று. அவ்வளவுதான்! இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், நாற்பது இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட மூலதனத்தைக் காகிதத்திற் காட்டிப் பதிவாயின. நோயுற்ற கோப்பித் தோட்டங்களெல்லாம் பொன் நிலங்கள் எனப் பெயர் மாறிக் கொழுத்த விலைக்குப் போயின. விற்றவர் பொன் கண்டார்; வாங்கியவர் கல் கண்டார்.

குன்றைக் குடைந்து வெண்படிகக் கல்லை வெட்டியெடுத்து, இரும்பு உலக்கைகள் பொருத்திய ஆலையில் மாவாக இடித்து, அதிலுள்ள பொன்னைப் பாதரசத்திற் பிடிப்பது அந்நாளைய முறை. தொன் கணக்கில் இடித்தும், கிடைத்த பொன் செலவுக்கே போதவில்லை. சில ஆண்டுகளிற் கம்பெனிகள் ஒவ்வொன்றாய்க் கவிழ்ந்தன. அதே காலத்திற் கோலாரில் தொடங்கிய சுரங்கமோ, தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரின் உழைப்பில் மூன்று கிலோமீற்றருக்கும் மேல் ஆழம் சென்று, 2001 வரை நடந்தது.

பழைய சுரங்க வாய்கள் தேயிலைக்கும் காட்டுக்கும் இடையே இன்றும் திறந்து கிடக்கின்றன. வேலையற்றோர் சிலர் சட்டத்துக்கு மாறாக உள்ளே நுழைந்து கல் வெட்டுவதும், மண் சரிந்தோ மூச்சடைத்தோ மாள்வதும் உண்டு. நாம் வாயிலோடு நின்றுகொண்டோம்.

எனினும், நம்மைக் கட்டிப்போட்டது சுரங்கமன்று, அதனருகே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோரின் பேச்சு. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க இணங்கிற்று. அவ்வாறு சென்றோருக்கு வேலை கொடுக்கவே, 1968இல் இம்மலைகளில் அரசு தேயிலை நடத் தொடங்கியது. மக்கள் டான்டீ என்றழைக்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அதிலிருந்து வளர்ந்ததே. பதினாறு வயதிற் தலைமன்னாரிற் கப்பலேறிய மூதாட்டி ஒருவர், நம் ஊர்ப்பெயரைக் கேட்டதும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்தார்.

“நாவலப்பிட்டியா! அங்கே மழை விட்டிருச்சா, தம்பி?”

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கம்பக்கத்தார்க்கு அவர் ‘சிலோன்காரம்மா’தான். இங்கிருந்தபோது இந்தியாக்காரி என்றார்களாம், சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் குடியிருக்கும் வீடு கழகத்துடையது. வேலை முடிந்தால் வீட்டையும் விடவேண்டும் என்பது நெடுநாளைய விதி. அதற்கிடையே 2022இல், நட்டத்திலுள்ள டான்டீயின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பியளிக்கத் தமிழக அரசு முடிவு செய்தது. காடாயிருந்த நிலத்தைத் தோட்டமாக்கியவர்கள் இப்போது எங்கே போவதென்று கேட்கிறார்கள். நம் பக்கத்து லயங்களில் ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கிடைத்துவிட்டதா என்று அம்மூதாட்டி வினவினார். சிலருக்குக் கிடைத்தது, பலருக்கு இல்லை என்றோம். “அங்கேயும் அப்படித்தானா?” என்று கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டார்.