யாருக்கு ‘நியூட்ரல்’ இந்தச் சட்டை?

படித்து முடித்து வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு இப்போது புதிதாக ஒரு செலவு சேர்ந்திருக்கிறது. ‘புரொஃபஷனல் பிராண்டிங்’ போட்டோ ஷூட். லிங்க்ட்இன்னில் போடுவதற்கு ஒரு படம். அதற்கு என்ன உடுத்த வேண்டும் என்று பட்டியலும் கொடுக்கிறார்கள். அடர்நீல பிளேசர், வெளிர்நீலச் சட்டை. கட்டம் வேண்டாம், பூப்போட்டது வேண்டாம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள், பச்சை கூடாது. கறுப்பாக இருப்பவர்கள் இன்னின்ன நிறங்களைத் தவிர்க்க வேண்டும். மொத்தத்தில் ‘நியூட்ரல்’ஆகத் தெரிய வேண்டும்.

சீவலப்பேரியிலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்ப் பட்டம் வாங்கிய தம்பி ஒருவன், பயிற்சி வகுப்பில் கொடுத்த இந்தப் பட்டியலை என்னிடம் காட்டினான். “எந்தச் சட்டைய எடுக்கண்ணே?” என்று கேட்டான். சட்டையைத் தேர்ந்தெடுப்பது சின்ன விஷயம். அந்தப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும் அரசியல் சின்ன விஷயமல்ல.

நியூட்ரல் என்றால் எந்தப் பக்கமும் சாராதது. தாமிரபரணிக் கரையில் அப்படி ஒரு நிறம் இருக்கிறதா? இங்கே பள்ளிக்கூடப் பையன் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தை வைத்தே அவன் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். 2019-ல் இந்தச் சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி பள்ளிக் கல்வித்துறை இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் செங்கோட்டையன் பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளியில் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. உடனே ‘மத உரிமை போச்சு’ என்று கூப்பாடு போட்டவர்கள் யார் என்று நாம் பார்த்தோம். அவர்களின் நிறத்துக்கு உரிமை வேண்டுமாம். நம் பிள்ளை மட்டும் நியூட்ரலாக இருக்க வேண்டுமாம்.

உடை இந்த நாட்டில் ஒருநாளும் வெறும் ரசனையாக இருந்ததில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட், சட்டை, பனியன் போடக் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. தங்கம், வெள்ளி கூடாது. குடையும் செருப்பும் கூடாது. ஜே.எச். ஹட்டன் இதை அப்படியே பதிவு செய்திருக்கிறார். அடுத்த ஆண்டே தடைகள் பதினொன்றாயின.

தெற்கே திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக எத்தனை ஆண்டு போராட்டம்! 1859 ஜூலை 26 அன்று மன்னர் வெளியிட்ட அறிவிப்பைப் பாருங்கள். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் ‘உயர்சாதிப்’ பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது. துணியைக் கொடுத்த கையோடு அதை உடுத்தும் விதத்தைப் பறித்துக்கொண்டார்கள். உடம்பு மறைவது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. பார்த்ததும் சாதி தெரியாமல் போவதுதான் பிரச்சினை.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2023-ல் குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில், நல்ல சட்டையும் கூலிங் கிளாஸும் போட்டதற்காக ஒரு தலித் இளைஞரை அடித்தார்கள்.

“அப்படியானால் கோட் போட வேண்டாம் என்கிறீர்களா?” என்று கேட்கலாம். இல்லை. போட வேண்டும் என்கிறேன். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையைத் துறந்தார், மகாத்மா என்று உலகம் கொண்டாடியது. கழற்றுவதற்கு அவரிடம் சட்டை இருந்தது. சட்டையே தடுக்கப்பட்ட மக்களிலிருந்து வந்த அண்ணல் அம்பேத்கர் கோட்டும் டையும் அணிந்து நின்றார். அந்தக் கோட் எவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு 2022 டிசம்பர் 6 சாட்சி. அவரது நினைவு நாளில், காவிச் சட்டை மாட்டி, நெற்றியில் விபூதி பூசி, கும்பகோணத்தில் இந்து மக்கள் கட்சியினர் சுவரொட்டி ஒட்டினார்கள். செத்த பிறகும் அவருக்கு உடை மாற்றப் பார்க்கிறார்கள்.

ஆனால் உரிமையாக அணியும் கோட் வேறு, ஒளிந்துகொள்ள மாட்டிக்கொள்ளும் கோட் வேறு. பிராண்டிங் வகுப்புகள் விற்பது இரண்டாவதை. ஊர் தெரியாத சட்டை, தெரு தெரியாத பின்னணி, கம்ப்யூட்டரில் இரண்டு படி வெளுக்க வைத்த முகம். அந்தப் படத்தில் நம் பிள்ளையின் திறமை எங்கே இருக்கிறது? ‘நான் உங்களில் ஒருவன், பயப்படாதீர்கள்’ என்று மேல்சாதி மேலாளரிடம் கெஞ்சும் மனுவாகத்தான் அது இருக்கிறது. அந்த மேலாளரின் மகன் கதர்ச் சட்டையோ கிழிந்த ஜீன்ஸோ போட்டு வந்தால் அது ‘தனித்துவம்’. நம்மவன் போட்டால் ‘புரொஃபஷனல் இல்லை’.

இந்த வட்டாரத்துக்கு ஏற்கெனவே ஒரு பிராண்ட் ஒட்டியாயிற்று. 1994-ல் வந்த ‘சீவலப்பேரி பாண்டி’க்குப் பிறகு, ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்கு அரிவாள்தான் ஞாபகம் வருகிறது. ஆற்றையும் வயலையும் வேலை செய்யும் மக்களையும் யாரும் கேட்பதில்லை. அரிவாள் வீரத்தை விற்றுச் சம்பாதித்தது ஒரு கூட்டம். அந்த அரிவாளுக்குக் கழுத்தைக் கொடுப்பவன் மட்டும் தன் படத்தைத் திருத்திக்கொள்ள வேண்டுமா?

நல்ல உடையும் நல்ல சம்பளமும் சாதியைத் துடைத்துவிடும் என்பது பொய். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட பட்டியல் சமூக இளைஞர், சென்னையில் பெரிய ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இந்தப் பயிற்சியாளர்கள் சொல்லும் எல்லாத் தகுதியும் அவரிடம் இருந்தது. வெட்டியவன் பார்த்தது சாதியை மட்டும்தான்.

ஆகவே அறிவுரையை நம் பிள்ளைகளிடம் சொல்வதை நிறுத்திவிட்டு, கேட்க வேண்டியவர்களிடம் கேட்போம். வேலை விண்ணப்பத்தின் முதல் கட்டத்தில் போட்டோ எதற்கு? பெயரும் முகமும் இல்லாமல் தகுதியை மட்டும் பார்த்து அழைக்க நிறுவனங்களுக்கு என்ன தடை? தனியார் துறையில் இடஒதுக்கீடு என்றதும் ‘தகுதி, திறமை’ என்று பேசுகிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும். தோல் நிறத்தைப் பற்றிப் பாடம் எடுக்கும் பயிற்சியாளர்களைக் கல்லூரிகள் உள்ளே விடக் கூடாது. சந்துரு குழுவின் பரிந்துரைகளை அரசு முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும். சாதி ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும்.

தம்பி, தங்கைகளே, படம் எடுங்கள். நீலமோ சிவப்போ உங்களுக்குப் பிடித்ததை உடுத்துங்கள். முகத்தை வெளுக்க வைக்காதே என்று போட்டோகிராஃபரிடம் கறாராகச் சொல்லுங்கள். உங்கள் பாட்டனுக்கு மறுக்கப்பட்ட சட்டை அது. அதை யாருக்கும் பயந்து போட வேண்டியதில்லை.