தொடங்கத் தெரிஞ்ச மெசினுக்கு நிப்பாட்டத் தெரியாதோ?

முந்தி ஒரு கடையிலை சாமான் வாங்கினால் காசைக் குடுத்துப்போட்டு வெளியிலை வரலாம். இப்ப ரெலிபோன் நம்பரையும் குடுத்துப்போட்டுத்தான் வரவேணும். உடுப்புக்கடை, பல்லு டொக்டர், தலைமயிர் வெட்டுறவர் எல்லாரும் கேக்கினம். நான் வேலை செய்யிற ஸ்காபரோ ரெஸ்ரோரண்டிலையும் இதே கதைதான். பில் அடிக்கேக்கை "நம்பரைச் சொல்லுங்கோ, பொயின்ற்ஸ் சேரும்" எண்டு கேக்கச் சொல்லி ஓடர். பொயின்ற்ஸ் சேருதோ இல்லையோ, நம்பர் சேரும்.

அதுக்குப் பிறகு வாற மெசேஜ் எல்லாத்தையும் ஆர் அனுப்புறது எண்டு நினைக்கிறியள்? ஒருத்தருமில்லை. ஒருத்தன் ஒருநாள் இருந்து விதி எழுதி விட்டிருக்கிறான். சாப்பிட்ட அண்டைக்கு நன்றி. மூண்டாம் நாள் "சாப்பாடு எப்பிடி?" முப்பது நாள் வராட்டில் "உங்களைக் காணேல்லையே". பிறந்தநாளுக்கு ஒரு கூப்பன். எழுதினவன் போட்டான், மெசின் ஓடிக்கொண்டிருக்கு.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலை இரண்டாம் வருசத்தோடை படிப்பை விட்டிட்டு வெளிக்கிட்டவன். படிச்சதிலை முக்காவாசி மறந்துபோச்சு. ஒண்டு மட்டும் மறக்கேல்லை. ஒரு லூப் எழுதினால் அது எங்கை நிக்கவேணும் எண்டதை எழுதாமல் ஓடவிடக் கூடாது. முதலாம் வருசப் பெடியனுக்குத் தெரிஞ்ச இந்த விசயம், மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டு இந்த மெசினை விக்கிற கொம்பனிக்காரருக்குத் தெரியாதோ? நல்லாத் தெரியும். நிப்பாட்டினால் அவைக்கு நட்டம், அதுதான் விசயம்.

போன விண்டருக்கை எங்கட வாடிக்கையாளர் ஒரு ஐயா செத்துப்போனார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போறவர். அந்தியேட்டிக்கு வீட்டிலை ஆயத்தம் நடக்கேக்கை அவற்றை ரெலிபோனுக்கு மெசேஜ் போயிருக்கு: "உங்களைக் கனநாளாய்க் காணேல்லை, எங்களோடை கோபமோ?" அவற்றை மனுசி கடைக்கு அடிச்சா. நான்தான் எடுத்தன். அவ ஏசேல்லை. "தம்பி, அவர் இனி வரமாட்டார் எண்டு உங்கட கொம்பியூட்டருக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" எண்டா. உடனை முதலாளிக்குச் சொன்னன், அவரும் கொம்பனிக்குச் சொல்லி எடுப்பிச்சவர். ஆனால் எடுத்தது ஒரு லிஸ்டிலை இருந்து மட்டும். பிறந்தநாள் லிஸ்ட் வேறையாம். இரண்டு மாதத்தாலை செத்த மனுசனுக்கு 15 வீதக் கழிவோடை வாழ்த்துப் போச்சு.

சட்டம் இல்லையோ எண்டு கேப்பியள். இருக்கு. கனடாவிலை ஸ்பாமுக்கு எதிரான சட்டம் 2014 யூலை 1 இலை வந்தது. சம்மதம் இல்லாமல் விளம்பரம் அனுப்பக் கூடாது, ஒவ்வொண்டிலையும் நிப்பாட்டுற வழி இருக்கவேணும், மீறின கொம்பனிக்கு ஒரு கோடி டொலர் வரைக்கும் தண்டம். 2015 இலை பிளென்ரி ஒவ் ஃபிஷ் எண்ட சோடி தேடித்தாற கொம்பனி, நிப்பாட்டுற வழியைத் தெளிவாக் காட்டேல்லை எண்டு 48,000 டொலர் கட்டினது. அதே வருசம் ரொஜர்ஸ் மீடியா 2 லட்சம் கட்டினது.

நல்ல சட்டம்தான். ஆனால் ஓட்டையளைப் பாருங்கோ. நீங்கள் ஒருக்கா ஒரு கொத்துரொட்டி வாங்கினால், வேண்டாம் எண்டு சொல்லாதவரைக்கும் இரண்டு வருசத்துக்கு உங்கட சம்மதம் இருக்கிறதாக் கணக்கு! நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்ட 10 வேலைநாள் தவணை. ஒரு செக்கனிலை ஆயிரம் பேருக்குக் கூப்பன் அனுப்புற கொம்பியூட்டருக்கு ஒரு நம்பரை வெட்ட இரண்டு கிழமை வேணுமாம். ரெலிபோனிலை விக்கிறவை கிழமைநாளிலை காலமை 9 இலை இருந்து இரவு 9.30 வரைக்கும்தான் கூப்பிடலாம். மெசேஜுக்கு இந்தச் சட்டத்திலை அப்பிடி மணிக்கணக்கு இல்லை. சனம் தானே வழக்குப் போடுற உரிமை 2017 யூலையிலை வர இருந்தது. வர முதலே அரசாங்கம் அதை நிறுத்தி வைச்சிட்டுது. அரசியல் கட்சியள் நன்கொடை கேட்டு அனுப்புற மெசேஜுக்கும் விலக்கு. சட்டம் எழுதினவை தங்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைச்சுக்கொண்டுதான் எழுதியிருக்கினம்.

எங்கட ஆக்களின்ரை கடையளைப் பற்றியும் சொல்லவேணும். கழிவு விளம்பரம் நல்ல தமிழிலை வரும். நிப்பாட்டுற வழி மட்டும் அடியிலை சின்ன எழுத்திலை, இங்கிலீசிலை, "ஸ்ரொப்" எண்டு அனுப்பச் சொல்லி. எழுபது வயசு அம்மாவுக்கு விக்கத் தமிழ், விடச்சொல்லி இங்கிலீசோ? இது தற்செயல் எண்டு நான் நம்பமாட்டன்.

முதலாளிமாரின்ரை நியாயமும் எனக்குத் தெரியும். டெலிவரிக் கொம்பனியள் நூற்றுக்கு 30 வரைக்கும் கொமிசன் எடுக்கிறாங்கள். சொந்த வாடிக்கையாளரை நேரை பிடிச்சு வைச்சிருக்காட்டில் கடை தாங்காது, கடை பூட்டினால் என்ரை சம்பளமும் இல்லை. அதாலை அனுப்பவே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. தொடங்கிறதும் நிப்பாட்டுறதும் வாங்கிறவன்ரை கையிலை இருக்கட்டும் எண்டுதான் சொல்லுறன். நம்பர் வாங்கேக்கை "விளம்பரம் வரும், சரியோ?" எண்டு வாயாலை கேளுங்கோ. ஒரு சொல்லிலை தொடங்கினது ஒரு சொல்லிலை, அண்டைக்கே, எல்லா லிஸ்டிலையும் நிக்கட்டும். விளம்பரம் எந்த மொழியோ நிப்பாட்டுற வழியும் அந்த மொழியிலை இருக்கட்டும். ஆறு மாதம் ஒருத்தர் வரேல்லை எண்டால் மெசின் தானாய் வாயை மூடட்டும். வராதவனைத் துரத்திறது வியாபாரமில்லை.

கடை வைச்சிருக்கிற அண்ணைமார், அக்காமார் ஆரும் இதை வாசிச்சால் ஒரு வேலை செய்யுங்கோ. உங்கட லிஸ்டிலை உங்கட அம்மாவின்ரை நம்பரையும் போட்டு ஒரு மாதம் விட்டுப் பாருங்கோ. பிறகு, பிள்ளையளின்ரை உதவி இல்லாமல் அதை நிப்பாட்டச் சொல்லி அவவிட்டைச் சொல்லுங்கோ. அவவாலை ஏலாட்டில் மெசினைத் திருத்துங்கோ.